காமராஜருக்கு ஓட்டுப் போட்ட ஊர்களும் போடாத ஊரும்

பெங்களூரில் இருந்து சென்னைக்கு ரெயிலில் போகிறவர்கள் ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் தாண்டிய பிறகு குடியாத்தம் என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். வேகமாகப் போகும் வண்டிகள் பல அங்கே நிற்பதில்லை. ஊரும் ஸ்டேஷனை ஒட்டி இல்லை. சற்றுத் தள்ளி இருக்கிறது. கைத்தறி லுங்கி, பீடி, தீப்பெட்டி என்று உழைக்கும் ஜனங்கள் நிறைந்த ஊர்.

காட்பாடி எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாம் இந்த ஸ்டேஷனைக் கடந்து போய்விடுகிறோம். ஆனால் 1954-ம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதும் இந்த ஊரின் பெயரைத்தான் பேசிக்கொண்டு இருந்தது. புதிதாக முதல்-மந்திரி ஆன காமராஜர் சட்டசபைக்குப் போவதற்காக ஓட்டுக் கேட்டு வந்த ஊர் இது.

காமராஜரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூடம் திறந்தார், மதிய உணவு போட்டார், அணை கட்டினார் என்று ஜூலை 15-ந்தேதி தோறும் கேட்கிறோம். எந்த ஊர் அவருக்கு ஓட்டுப் போட்டது, எந்த ஊர் போடவில்லை என்று வரிசையாகப் பார்த்தால் அந்த வாழ்க்கை வேறு மாதிரி தெரிகிறது. இங்கே சொல்லப் போவது அந்தக் கதை.

பிறந்த ஊர்

1903-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி விருதுபட்டியில் பிறந்தார். பின்னால் விருதுநகர் என்று பெயர் மாறிய ஊர் அது. அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. தந்தை குமாரசாமி நாடார், தாய் சிவகாமி அம்மாள். நாகம்மாள் என்று ஒரு தங்கை. சிறு வயதிலேயே தந்தை இறந்து போனார்.

ஊராரிடம் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி வளர்த்த பள்ளி சத்திரிய வித்தியாசாலை. அதில் படித்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமா கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் வேலைக்குப் போனார். துணியை அளந்து கிழிப்பதை விட, கடைக்கு வந்தவர்களிடம் பத்திரிகைச் செய்தி பேசுவதில்தான் பையனுக்கு அக்கறை. கூட்டம் எங்கே நடந்தாலும் போய்விடுவார்.

இப்படியே விட்டால் பையன் கெட்டுப் போவான் என்று வீட்டார் நினைத்தார்கள். திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமா மரக்கடை வைத்திருந்தார். அங்கே அனுப்பினார்கள். ஊரை விட்டுப் பிழைக்க வந்த நம்மைப் போல அவரும் சில காலம் வேறு ராஜ்யத்தில், வேறு பாஷைக்காரர் நடுவே, கடைச் சிப்பந்தியாக இருந்தவர்தான். திருவிதாங்கூர் அப்போது தனி சமஸ்தானம். அங்கே 1924-ல் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோவில் வீதியில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து நடந்த போராட்டம் அது. எந்த அரசியலில் இருந்து பையனைப் பிரிக்க நினைத்தார்களோ, அந்த அரசியல் அங்கேயும் அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டார் திரும்பவும் ஊருக்கு அழைத்துக்கொண்டார்கள்.

1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு முதல் முறையாகச் சிறைக்குப் போனார். வைத்திருந்த இடம் பல்லாரி அலிப்புரம் சிறை. இன்று கர்நாடகத்தில் இருக்கும் பல்லாரி அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. அதன் பிறகு சிறைவாசம் பழகிப் போயிற்று. ஆறு முறை, மொத்தம் சுமார் ஒன்பது ஆண்டுகள் உள்ளே இருந்திருக்கிறார். நம்மில் ஒருவர் சர்வீசில் சேர்ந்து முதல் பிரமோஷனுக்குக் காத்திருக்கும் காலம் அது.

ஆட்டுக்குட்டிக் கதை

சொந்த ஊர் எடுத்த எடுப்பிலேயே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. விருதுநகர் வியாபார ஊர். பருத்தி, எண்ணெய், மிளகாய், பருப்பு என்று பெரிய மண்டிகள். அங்கே பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் பலர் அந்தக் காலத்தில் ஜஸ்டிஸ் கட்சிப் பக்கம் இருந்தார்கள். கதர்த் துணியும் வெறும் கையுமாகத் திரிந்த இளைஞனை அவர்கள் எப்படி மதிப்பார்கள்?

ஓட்டு என்பதும் அப்போது எல்லோருக்கும் கிடையாது. சொத்து இருக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். காமராஜருக்கு வரி கட்டும் அளவுக்குச் சொத்து இல்லை. நகரசபைத் தேர்தலில் அவர் நிற்பதற்காக முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டுக்குட்டியை வாங்கி, அதைக் காமராஜர் பெயரில் எழுதி, அதற்கு வரி கட்டி ரசீது வாங்கினார் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் கதை சொல்வார்கள். பின்னாளில் இந்த இருவரும் அரசியலில் எதிர் எதிர் வரிசையில் நின்றார்கள் என்பதால் கதைக்கு ருசி அதிகம்.

1937-ல் சென்னை ராஜதானி சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. 215 இடங்களில் 159 இடங்கள் காங்கிரசுக்குக் கிடைத்தன. சாத்தூர் தொகுதியில் காமராஜர் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாத்தூர் என்றால் விருதுநகருக்கு அடுத்த ஊர்தான், ரெயிலில் அரை மணி நேரப் பயணம். ஆகவே அவருடைய முதல் சட்டசபைப் பதவிக்கு ஓட்டு எண்ணவே தேவைப்படவில்லை.

கட்சிக்குள் ஓட்டு எண்ண வேண்டி வந்தது 1940-ல். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்கு அவர் நின்றார். அவரை நிறுத்தியவர் சத்தியமூர்த்தி. எதிரே ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. பி. சுப்பையா. காமராஜருக்கு 103 ஓட்டு, சுப்பையாவுக்கு 100 ஓட்டு. மூன்றே ஓட்டில் தலைவர் ஆனார். முன்பு சத்தியமூர்த்தி தலைவராகவும் காமராஜர் செயலாளராகவும் இருந்தார்கள். இப்போது காமராஜர் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர். குருவே சீடனின் கீழ் வேலை பார்க்கச் சம்மதித்தார். நம் ஆபீசுகளில் இப்படி ஒன்று நடந்தால் அடுத்த நாளே டிரான்ஸ்பருக்கு மனு போய்விடும்.

மறு ஆண்டு 1941-ல் அவர் சிறையில் இருந்தபோது விருதுநகர் நகரசபை அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வரி கட்டச் சொத்து இல்லாதவர் என்று ஒதுக்கிய ஊரில் அது பெரிய மாற்றம். விடுதலையாகி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார், நன்றி சொன்னார், ராஜினாமா செய்துவிட்டார். முழு நேரமும் செய்ய முடியாத பதவியை வைத்துக்கொண்டு இருப்பது சரியல்ல என்பது அவர் கருத்து. ஊர் கொடுத்த மாலையை அவரே கழற்றி வைத்தது அப்போதுதான்.

அரக்கோணத்தில் இறங்கியவர்

ரெயில்வேக்காரன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் 1942-ல் நடந்தது. ஆகஸ்டு மாதம் பம்பாயில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடி, வெள்ளையன் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. மறுநாள் காலையிலேயே காந்தியும் நேருவும் மற்றத் தலைவர்களும் கைது. பம்பாயில் இருந்து ஊர் திரும்பும் தலைவர்களையும் அந்தந்த ஊர் ஸ்டேஷனிலேயே பிடிக்கப் போலீசார் காத்திருந்தார்கள்.

காமராஜர் சென்னை வரை போகவில்லை. அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டார். அங்கிருந்து ராணிப்பேட்டைக்குப் போய் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கினார். பிறகு தஞ்சை, திருச்சி, மதுரை என்று ஊர் ஊராகப் போய், தீர்மானத்தின் செய்தியைத் தொண்டர்களிடம் சேர்த்தார். எல்லா வேலையும் முடிந்த பின்பு விருதுநகருக்குப் போய்த் தாயைப் பார்த்தார். அதன் பிறகு, வேலை முடிந்தது, கைது செய்யலாம் என்று போலீசுக்கு அவரே சொல்லி அனுப்பினார். 1945 வரை சிறை.

ஒளிந்த இடமான ராணிப்பேட்டை வட ஆற்காடு ஜில்லா. சிறையில் கிடந்த வேலூரும் அதே ஜில்லா. குடியாத்தமும் அதே ஜில்லாதான்.

குடியாத்தம்

1952 பொதுத்தேர்தல் வந்தபோது காமராஜர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று பார்லிமெண்டுக்குப் போனார். சென்னை சட்டசபையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152 தான். ஓய்வில் இருந்த ராஜாஜியை அழைத்து வந்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. மேல்-சபைக்கு நியமனம் பெற்று முதல்-மந்திரி ஆனார். 1953-ல் அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் பாதி நேரம் வீட்டுத் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்து நாடே எதிர்த்தது. ராஜாஜி விலகினார்.

சட்டசபைக் காங்கிரஸ் கட்சியின் தலைவர் தேர்தலில் காமராஜருக்கு 93 ஓட்டு, சி. சுப்பிரமணியத்துக்கு 41 ஓட்டு. 1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி காமராஜர் முதல்-மந்திரி ஆனார். தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவருக்கு ஆதரவாக இருந்த பக்தவத்சலத்தையும் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். எட்டே பேர் கொண்ட மந்திரி சபை. அதில் பரமேசுவரனுக்கு அறநிலையத் துறை. கோவிலுக்குள் போகக் கூடாது என்று காலம் காலமாகத் தடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் கோவில்களுக்கே மந்திரி ஆனார். வைக்கத்தைப் பார்த்தவர் செய்த காரியம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல்-மந்திரி ஆறு மாதத்துக்குள் சட்டசபையிலோ மேல்-சபையிலோ உறுப்பினர் ஆக வேண்டும். மேல்-சபை வழி சுலபம். வெயிலில் அலைய வேண்டாம், யாரிடமும் கும்பிடு போட வேண்டாம். காமராஜர் அந்த வழியில் போகவில்லை. ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் போவது என்று முடிவு செய்தார். அப்போது காலியாக இருந்தது குடியாத்தம் தொகுதி.

குடியாத்தத்தில் அவருக்கு உறவும் இல்லை, ஜாதிப் பலமும் இல்லை. கம்யூனிஸ்டு கட்சிக்கு அங்கே தொழிலாளர் மத்தியில் நல்ல பிடிப்பு. அந்தக் கட்சியின் சார்பில் வி. கே. கோதண்டராமன் நின்றார். உள்ளூர்க்காரர், தொழிலாளர்களோடு பழகியவர். முதல்-மந்திரி தோற்றுப் போனால் மந்திரி சபை என்ன ஆகும் என்ற பயம் காங்கிரஸ்காரர்களுக்கே இருந்திருக்கும்.

அங்கே நடந்தது ஒரு வேடிக்கை. காலமெல்லாம் காங்கிரசை ஒழிப்பேன் என்று சொன்ன பெரியார், பச்சைத் தமிழர் என்று காமராஜரைச் சொல்லி அவருக்காக ஓட்டுக் கேட்டார். அண்ணாவின் தி.மு.க.வும் எதிர்த்து ஆள் நிறுத்தாமல் ஆதரவு கொடுத்தது. குலக்கல்விக்கு முடிவு கட்டக் கூடியவர் இவர் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அந்தக் காலத்து ஓட்டுமுறை இன்றைய இளைஞர்களுக்குத் தெரியாது. சீட்டில் முத்திரை குத்துவது இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித் தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டி இருக்கும். மறைப்புக்குள் போய், பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். காங்கிரசின் சின்னம் நுகத்தடியில் பூட்டிய இரட்டைக் காளை. எழுதப் படிக்கத் தெரியாத தறிக்காரரும் பீடி சுற்றும் அம்மாவும் அந்தக் காளைப் பெட்டியைத் தேடிப் போட்டார்கள். காமராஜர் ஜெயித்தார். குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்கள் திறந்தன.

1957-ல் காமராஜர் தன் பக்கத்துச் சாத்தூருக்கே போய்விட்டார். குடியாத்தத்தில் அந்தத் தேர்தலில் ஜெயித்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? முன்பு தோற்ற அதே கோதண்டராமன்தான். ஆகவே 1954-ல் அந்த ஊர் கட்சிக்காக ஓட்டுப் போடவில்லை, ஆளுக்காகத்தான் போட்டது என்று சொல்லலாம்.

ஒன்பதரை ஆண்டுகள்

சாத்தூர் 1957-லும் 1962-லும் அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல்-மந்திரியாக அவர் செய்தவற்றை நீட்டி எழுத இடம் இல்லை. 1956-ல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. மணிமுத்தாறு, வைகை, சாத்தனூர் அணைகள் எழுந்தன. பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலையும், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியும், திருச்சியில் பாய்லர் தொழிற்சாலையும் வந்தன. நாம் தினமும் ஏறி இறங்கும் ரெயில் பெட்டிகளில் எத்தனையோ பெரம்பூரில் செய்தவை.

தாய்க்கு மாதம் 120 ரூபாய் அனுப்புவார் என்றும், விருதுநகர் வீட்டுக்குத் தனியாகக் குழாய் போட அதிகாரிகள் ஏற்பாடு செய்தபோது வேண்டாம் என்று தடுத்தார் என்றும் சொல்வார்கள். தெருக் குழாயில் எல்லோரும் பிடிக்கும் தண்ணீரே போதும் என்று நினைத்தவர். இதைக் கேட்டு மெய் சிலிர்ப்பவர்கள் உண்டு. அந்த அம்மாவின் இடத்தில் இருந்து பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. மகன் நாட்டை ஆள்கிறான், வீட்டில் குடம் தூக்க வேண்டி இருக்கிறது.

1962 தேர்தலில் காங்கிரசுக்கு 206-ல் 139 இடம். ஆனால் தி.மு.க. 15-ல் இருந்து 50-க்கு வந்துவிட்டது. அதே தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்கடிக்கப்பட்டார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் அது. எதிர்க்கட்சித் தலைவரைச் சொந்த ஊரிலேயே வீழ்த்திவிட்டோம் என்று காங்கிரசில் சந்தோஷம். இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1963-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி காமராஜர் முதல்-மந்திரி பதவியை விட்டார். மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்பது அவரே சொன்ன யோசனை. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பக்தவத்சலம் முதல்-மந்திரி ஆனார். காமராஜர் 1964 ஜனவரியில் அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். நேரு இறந்ததும் லால்பகதூர் சாஸ்திரியையும், சாஸ்திரி இறந்ததும் இந்திரா காந்தியையும் பிரதமர் ஆக்கியதில் அவர் கை முக்கியமானது. ஆறாம் வகுப்பு படித்தவர் டெல்லியில் இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

டெல்லியில் இருந்தபோது தமிழ்நாட்டில் காற்று மாறிக்கொண்டு இருந்தது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அடுத்து அரிசிப் பஞ்சம். ரேஷன் கடை வரிசையில் நின்ற தாய்மார்களின் கோபம் யாரையும் விடவில்லை. தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொன்னது. பழைய எதிரியான ராஜாஜி சுதந்திரா கட்சியோடு அண்ணாவின் பக்கம் சேர்ந்தார். தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, 1967 ஜனவரி 12-ந்தேதி, எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் ஊர் ஊராகச் சுவரில் ஏறியது.

விருதுநகர், 1967

இந்தத் தேர்தலில் காமராஜர் சாத்தூரை விட்டுப் பிறந்த ஊரான விருதுநகரிலேயே நின்றார். அவரை எதிர்த்து தி.மு.க. நிறுத்தியவர் பெ. சீனிவாசன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் தலைவராக இருந்தவர். அதற்கு முன் எந்தப் பதவியும் பார்த்தவர் இல்லை.

பிரசார நேரத்தில் காமராஜர் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தொகுதியில் வீடு வீடாகப் போக முடியவில்லை. போகாவிட்டாலும் ஜெயித்துவிடலாம் என்ற தைரியம் அவருக்கும் இருந்தது, அவர் ஆட்களுக்கும் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் கல்லூரி மாணவர்கள் சைக்கிளிலும் கால்நடையாகவும் தெருத் தெருவாகப் போய்க்கொண்டு இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் காமராஜர் காலத்துப் பள்ளியில் படித்தவர்களோ!

ஓட்டு எண்ணி முடிந்தபோது சீனிவாசன் 1,285 ஓட்டு அதிகம் பெற்று இருந்தார். இரண்டு பிரதமர்களை உண்டாக்கிய அகில இந்திய காங்கிரஸ் தலைவர் தன் சொந்த ஊரில் தோற்றார்.

1,285 என்பது எவ்வளவு? ஒருவர் மனம் மாறினால் இரண்டு ஓட்டு வித்தியாசம் வரும். அப்படிப் பார்த்தால் 643 பேர் இந்தப் பக்கம் வந்திருந்தால் போதும். இரண்டு மூன்று தெருவில் அடங்கும் ஜனம். சில நாள் நடந்து போய்க் கும்பிட்டிருந்தால் அவர்கள் கிடைத்திருப்பார்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்வது உண்டு. எனக்கு அது முழுவதும் சரி என்று படவில்லை. அந்த ஆண்டு சென்னை ராஜ்யம் முழுவதும் அடித்த அலை அது. ஸ்ரீபெரும்புதூரில் முதல்-மந்திரி பக்தவத்சலமே தோற்றார். மந்திரிகளில் ஒருவரைத் தவிர யாரும் தப்பவில்லை. 234 இடங்களில் தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கு 51. ஆச்சரியம் என்னவென்றால், மொத்த ஓட்டில் காங்கிரசுக்குச் சுமார் 41 சதவீதம் கிடைத்தது. தி.மு.க. வாங்கியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். தி.மு.க. குறைந்த இடங்களில் நின்று மற்ற இடங்களைக் கூட்டணிக்காரர்களுக்கு விட்டதால் எதிர்ப்பு ஓட்டு சிதறவில்லை.

ஆனாலும் மற்றவர்கள் தோற்றதும் அவர் தோற்றதும் ஒன்றாகுமா? பக்கத்து வீட்டுக்காரன் முகத்தில் விழிக்க வேண்டுமே. தாய் அந்த ஊரில்தான் இருந்தார். கடைத்தெருவில் வெடி வெடித்த சத்தம் அந்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

செய்தி கேட்டு அண்ணா சந்தோஷப்படவில்லை, வருத்தப்பட்டார் என்று அவரோடு இருந்தவர்கள் பின்னால் சொல்லி இருக்கிறார்கள். சொந்த ஊரில் தோற்பது எப்படி இருக்கும் என்று ஐந்து ஆண்டுக்கு முன்பு காஞ்சிபுரத்தில் அவர் அனுபவித்தவர் ஆயிற்றே.

காமராஜர் ஜனங்களைக் குறை சொல்லவில்லை. தோற்றதைத் தோல்வி என்றே ஏற்றுக்கொண்டார். மறு எண்ணிக்கை, வழக்கு என்று அலையவில்லை. ஜெயித்த சீனிவாசன் 1971-க்குப் பிறகு சட்டசபையின் துணை சபாநாயகராகவும் இருந்தார். ஆனாலும் எந்த ஊரில் அவர் பெயர் வந்தாலும், காமராஜரைத் தோற்கடித்தவர் என்றுதான் முதலில் சொன்னார்கள். அவருக்கும் அது சுமைதான்.

நாகர்கோவில்

1968-ல் மார்ஷல் நேசமணி இறந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடியவர். அவர் எம்.பி.யாக இருந்த நாகர்கோவில் தொகுதி காலியாயிற்று. 1969 ஜனவரியில் இடைத்தேர்தல். காமராஜர் நின்றார். ஆளும் தி.மு.க.வின் ஆதரவோடு சுதந்திரா கட்சியின் டாக்டர் மத்தியாஸ் எதிர்த்தார். இந்த முறை காமராஜர் எதையும் சும்மா விடவில்லை. ஓட்டு எண்ணியபோது வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். பிறந்த ஊரில் 1,285 ஓட்டில் போன மரியாதை, தென்கோடியில் லட்சமாகத் திரும்பி வந்தது.

நாகர்கோவில் பக்கம் பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மரக்கடைப் பையனாக அவர் இருந்த திருவனந்தபுரம் அங்கிருந்து அதிக தூரம் இல்லை.

அதே 1969-ம் ஆண்டு ஜூலையில் நம் பெங்களூருக்கும் வந்தார். லால்பாக் கண்ணாடி மாளிகையில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியது. ஜனாதிபதி வேட்பாளராக சஞ்சீவ ரெட்டியை நிறுத்துவது என்று காமராஜர், நிஜலிங்கப்பா முதலியோர் முடிவு செய்தார்கள். இந்திரா காந்திக்கு அது பிடிக்கவில்லை. சில மாதங்களில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. எவரைப் பிரதமர் ஆக்கினாரோ அவருக்கு எதிர்ப்பக்கத்தில் காமராஜர் நின்றார். மலர்க் கண்காட்சிக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு லால்பாக் போகும்போது இதையும் அவர்களுக்குச் சொல்லலாம்.

1971 தேர்தலில் அவருடைய பழைய காங்கிரசுக்குத் தமிழ்நாட்டில் பலத்த அடி. பார்லிமெண்டுக்கு அந்தக் கட்சியில் இருந்து தமிழ்நாட்டில் ஜெயித்தவர் ஒரே ஒருவர். நாகர்கோவிலில் காமராஜர். மற்ற எல்லோரும் கைவிட்டபோதும் அந்தத் தொகுதி கைவிடவில்லை.

1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி, காந்தி ஜெயந்தி அன்று, சென்னை தியாகராயநகர் திருமலைப்பிள்ளை ரோட்டில் இருந்த வீட்டில் காமராஜர் காலமானார். அது வாடகை வீடு. சில வேட்டி சட்டைகள், புத்தகங்கள், கையில் சொற்பப் பணம். அவ்வளவுதான் மிச்சம். 1976-ல் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. 1985-ல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்துக்குக் காமராஜர் பெயரையே வைத்தார்கள். 1997-ல் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்தபோது அது விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது.

1967-க்குப் பிறகு அவர் விருதுநகரில் ஓட்டுக் கேட்டு நிற்கவே இல்லை. சாகும்போது அவர் நாகர்கோவில் எம்.பி. பெங்களூரில் இருந்து நாகர்கோவிலுக்குப் போகும் வண்டி மதுரை தாண்டி விருதுநகர், சாத்தூர் வழியாகத்தான் போகிறது. முதலில் விருதுநகர் வரும், பிறகு சாத்தூர் வரும். நாகர்கோவில் கடைசி ஸ்டேஷன்.